கடலில் போட்டாலும் அளந்து போடு

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஐரோப்பியர்கள் கண்டுபிடித்தார்கள் என்று பாடப்புத்தகங்கள் எழுதுவது மரியாதைக்காக. 1542 முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானியக் கப்பல்கள் அந்த வாசலைத் தாண்டித் தாண்டிப் போயின. பனிமூட்டத்தில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கடைசியில் 1769 நவம்பரில் தரைவழியாக வந்தது போர்த்தோலாவின் கூட்டம். அவர்கள் தேடி வந்தது மாண்டரே விரிகுடாவை. அதை நேரில் பார்த்தும் அடையாளம் தெரியாமல் கடந்து, இன்னும் வடக்கே நடந்து, மலையேறிப் பார்த்தால் எதிரே பெருந்தண்ணீர். போகிற வழியில் இது குறுக்கே கிடக்கிறதே என்று சலித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று சரித்திரத்துக்குள் நுழைந்தது இப்படித்தான், வழிமறித்த குற்றத்துக்காக.

அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்த ஓலோனி மக்களுக்கு அந்தத் தண்ணீரின் அருமை தெரியும். சிப்பியும் மட்டியும் தின்று, ஓடுகளை ஒரே இடத்தில் போட்டு மேடாக்கி, தங்கள் இறந்தவர்களையும் அங்கேயே புதைத்தார்கள். எமரிவில் என்ற ஊரில் இருந்த பெரிய மேட்டை 1924-இல் தரைமட்டமாக்கினார்கள். இப்போது அங்கே ஷாப்பிங் மால்.

விரிகுடாவைச் சுற்றி அன்றைக்கு ஏறத்தாழ 1,90,000 ஏக்கர் சதுப்பு இருந்தது. கடல் ஏறும்போது மூழ்கும், இறங்கும்போது தலைகாட்டும். மீன் குஞ்சு பொரிக்கும், கானாங்கோழி கூடு கட்டும், வெள்ளம் வந்தால் உறிஞ்சிக்கொள்ளும். பட்டா இல்லை, வரி இல்லை, பராமரிப்புச் செலவும் இல்லை. அரசாங்கத்துக்கு ஒரு காசு வேலை வைக்காத நிலம் எத்தனை நாளைக்கு உருப்படியாக இருக்கும்? இந்தக் கதையில் கதாநாயகன் சேறு, வில்லனும் சேறு. தயாரிப்பாளர் மட்டும் ஆரம்பத்திலிருந்து ஒருவரேதான்: பொதுக் கஜானா.

ஏரிக்குள் பிளாட் போட்டு விற்கும் கலையைத் தமிழ்நாட்டு ரியல் எஸ்டேட்காரர்கள் கண்டுபிடித்ததாக நம்மில் பலருக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையை விட்டுவிட வேண்டியதுதான். 1847 ஜூலையிலேயே சான்பிரான்சிஸ்கோ நகரம் தண்ணீரை மனை போட்டு ஏலம் விட்டது. மனைக்கு எண் உண்டு, அளவு உண்டு, நாலு எல்லையும் உண்டு. தரைதான் இல்லை. அடுத்த ஆண்டே மலையில் தங்கம் கிடைத்தது. வந்து சேர்ந்த கப்பல்களிலிருந்து மாலுமிகள் குதித்து மலைக்கு ஓடினார்கள்; சில கப்பல்களில் கேப்டனும் சேர்ந்தே ஓடினார். நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஆளில்லாமல் துறையில் நின்றன. தண்ணீர் மனை வாங்கியவர்களுக்கு இது தெய்வம் அனுப்பிய செங்கல். கப்பலை இழுத்து வந்து தன் மனைமேல் மூழ்கடித்தால் அடித்தளம் ஆயிற்று, மனை யாருடையது என்ற வழக்கில் சாட்சியும் ஆயிற்று. நயாண்டிக் என்ற கப்பல் ஓட்டலாக நின்றது, 1851 தீ விபத்தில் எரிந்தது, அதன் அடிப்பாகம் 1978-இல் ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வெளியே வந்தது. ரோம் என்ற இன்னொரு கப்பலை 1994-இல் சுரங்க ரயிலுக்குத் துளை போட்டவர்கள் சந்தித்தார்கள். இன்றைக்கு அந்த நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் ஒரு கப்பலின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வருகிறார்கள். டிக்கெட் ரயிலுக்கு மட்டும்தான்.

எதிர்க்கரையில் ஓக்லாந்து. அங்கே ஹொரேஸ் கார்பென்டியர் என்ற வக்கீல் 1852-இல் ஊர் நிர்வாகிகளிடமிருந்து நீர்முனை முழுவதையும் தன் பெயருக்கு எழுதி வாங்கினார். விலை 5 டாலர். கூடவே சில படகுத்துறைகளும் ஒரு பள்ளிக்கூடமும் கட்டித் தருவதாகவும், துறைக் கட்டணத்தில் நூற்றுக்கு இரண்டு ஊருக்குத் தருவதாகவும் வாக்கு. பள்ளிக்கூடத்தைக் கட்டினார், அதை மறைக்கக்கூடாது. இரண்டு ஆண்டு கழித்து மக்கள் அவரை மேயராக்கினார்கள். ஊரே தன்னுடையது என்று ஆன பிறகு மேயராவதில் வியப்பென்ன. பிறகு அந்த நீர்முனை ரயில்வே கம்பெனியிடம் போய், நகரம் வழக்கு மேல் வழக்காடி அதை மீட்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. பெரிய சரக்குக் கப்பல்கள் வரிசையில் நிற்கும் இன்றைய ஓக்லாந்து துறைமுகத்தின் பூர்வீகம் இதுதான்.

இவையெல்லாம் தனியார் சாமர்த்தியம். அரசாங்கத்தின் சாமர்த்தியம் 1850-இல் ஆரம்பிக்கிறது. வாஷிங்டன் ஒரு சட்டம் போட்டது: மத்திய அரசின் கையில் இருக்கும் சதுப்பும் வெள்ளக்காடும் இனி மாநிலங்களுக்குச் சொந்தம்; விற்றுக்கொள்ளலாம்; விற்ற காசில் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, நிலத்தைக் காயவைக்க வேண்டும். கலிஃபோர்னியாவுக்கு இதில் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் கிடைத்தது. ஏக்கர் ஒரு டாலர் என்று விலை வைத்தார்கள். 1868-இல் இவ்வளவுதான் வாங்கலாம் என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள். அதைவிட அழகான ஏற்பாடு ஒன்று உண்டு: நிலத்தைக் காயவைத்துவிட்டேன் என்று சான்றிதழ் வாங்கினால் கொடுத்த டாலர் திரும்பக் கைக்கு வரும். சதுப்பைக் கொல்வதற்குக் கிட்டத்தட்ட இனாம் நிலம். உலகத்திலேயே மிகப் பெரிய சதுப்பு நிலத் திட்டங்களில் ஒன்று, நோக்கம் மட்டும் தலைகீழ்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். எது சதுப்பு என்று சர்வே சொல்ல வேண்டும், வாங்குகிறவர் சத்தியம் செய்ய வேண்டும். ஹென்றி மில்லர் என்று ஒரு கசாப்புக்காரர், ஜெர்மனியிலிருந்து வந்து பின்னாளில் கலிஃபோர்னியாவின் மாபெரும் கால்நடைப் பண்ணையாரானவர். அவரைப் பற்றி ஓர் ஊர்க்கதை இன்றும் சொல்கிறார்கள். வண்டிமேல் ஒரு படகை ஏற்றினாராம். படகுக்குள் உட்கார்ந்தாராம். குதிரைகள் இழுக்க, காய்ந்த புல்வெளியைக் கடந்தாராம். பிறகு அதிகாரி முன்னால் போய், இந்த நிலம் முழுவதையும் படகில் உட்கார்ந்தபடிதான் கடந்தேன் என்று கடவுள் சாட்சியாகச் சொன்னாராம். ஒரு எழுத்து பொய்யில்லை. கதை நடந்ததோ இல்லையோ, அந்தக் காலத்து வருவாய்த் துறையைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. புறம்போக்கு இருக்கும் எந்த ஊரிலும் இந்தக் கதையைப் பெயரை மட்டும் மாற்றி உலவவிடலாம்.

கீழே சதுப்பைக் காயவைத்துக்கொண்டிருந்தபோது மேலே மலையைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். 1853-இல் ஒருவர் பெரிய குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி மலையையே உடைத்துத் தங்கம் எடுக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். மலை ஆற்றுக்கு வந்தது, ஆறு வயலுக்கு வந்தது, மிச்சம் விரிகுடாவுக்கு வந்தது. 1884-இல் சாயர் என்ற நீதிபதி போதும் நிறுத்துங்கள் என்று தீர்ப்பளித்தார். நிலவியல் துறையின் கில்பர்ட் 1917-இல் கணக்குப் பார்த்தபோது, விரிகுடாவில் படிந்த மண் நூறு கோடி கன கெஜத்துக்கும் மேல் என்று வந்தது. இந்தச் சேற்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்பது ஆண்டு கழித்து இதைத் தேடி அழப் போகிறார்கள்.

தென்பகுதிச் சதுப்பு உப்பளமாயிற்று. 1854-இல் ஒருவர் வரப்பு போட்டு ஆரம்பித்தார், பிறகு பலர், 1936-இல் எல்லாம் சேர்ந்து லெஸ்லி என்ற ஒரே கம்பெனி, 1978-இல் அதைக் கார்கில் என்ற பெரிய மீன் விழுங்கியது. தூத்துக்குடிக்காரர்களுக்கு உப்பளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றே ஒன்று: அந்த ஊர் வெயிலில் கடல் நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து உப்பாக ஐந்து ஆண்டு வரை ஆகும். நம் ஊர் அளக்காரர் கேட்டால் இடுப்பில் கைவைத்துச் சிரிப்பார்.

இதற்கிடையே ஓர் அரை நூற்றாண்டு குப்பைக் காலம். சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரும் தன் குப்பையைத் தன் கரையில் கொட்டி, மேலே மண் போட்டு, வளர்ச்சி என்று பெயர் வைத்தது. 1939 கண்காட்சிக்காக மத்திய அரசு பணத்தில் 400 ஏக்கர் தீவு ஒன்றையே கட்டினார்கள். அதற்குப் புதையல் தீவு என்று பெயர். வேறு சிலர் சான் புரூனோ மலையின் தலையைச் சீவி விரிகுடாவுக்குள் போட்டு மனை ஆக்கலாம் என்று திட்டம் வைத்திருந்தார்கள், அதில் ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பணமும் உண்டு. ஆனால் இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் ஜான் ரீபர்.

ரீபர் பொறியாளர் இல்லை. முதலில் பள்ளி ஆசிரியர், பிறகு ஊர் ஊராகப் போய்ப் பெரிய மேடை நிகழ்ச்சிகள் நடத்தியவர். நாடகக்காரருக்கு ஒரு காலி மேடை கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியாது. விரிகுடா அவருக்குக் காலி மேடையாகத் தெரிந்தது. வடக்கே ஒரு அணை, தெற்கே ஒரு அணை. உப்புத் தண்ணீர் வெளியே, நன்னீர் ஏரி இரண்டு உள்ளே. அணைமேல் சாலை, ரயில். நடுவே இருபதாயிரம் ஏக்கர் புது நிலம், அதில் துறைமுகம், விமானத்தளம், தொழிற்சாலை. சிரித்து ஒதுக்கவில்லை யாரும். வியாபாரிகள் ஆதரித்தார்கள், பத்திரிகைகள் ஆதரித்தன, நாடாளுமன்றம் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது.

அமெரிக்காவில் துறைமுகம் தூர்வாருவது, அணை கட்டுவது எல்லாம் பெரும்பாலும் ராணுவத்தின் பொறியாளர் படையின் வேலை. அவர்கள் முறையான ஆட்கள். திட்டம் சரிவருமா என்று பார்க்க 1957-இல் சாசலிட்டோவில் ஒரு கிடங்குக்குள் விரிகுடாவையே சின்னதாகக் கட்டிவிட்டார்கள். ஒன்றரை ஏக்கர், கான்கிரீட், உண்மையான தண்ணீர், பம்ப் வைத்து ஏற்ற இறக்கம். அங்கே ஒரு முழு நாள் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அரசாங்க அலுவலகங்களில் காலம் இவ்வளவு வேகமாக ஓடிய வேறு இடம் கிடையாது. அந்தக் குட்டி விரிகுடாவில் ரீபரின் அணைகளை வைத்துப் பார்த்தார்கள். 1963-இல் அறிக்கை வந்தது: நன்னீர் ஏரியும் தேறாது, ஒன்றும் தேறாது. ரீபர் அதற்கு மூன்று ஆண்டு முன்பே காலமாகிவிட்டார், புண்ணியவான். அந்த மாதிரி இன்றும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். இந்த முழுக்கதையிலும் கொடுத்த காசுக்கு உருப்படியாகக் கிடைத்த முதல் பொருள் அதுதான் என்பது என் அபிப்பிராயம். இருபதாயிரம் ஏக்கர் மண்ணை ஒன்றரை ஏக்கர் கான்கிரீட் தடுத்தது.

மீதியைத் தடுத்தவர்கள் மூன்று பெண்கள். கே கெர், சில்வியா மெக்லாலின், எஸ்தர் குலிக். கே கெரின் கணவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர். 1961 ஜனவரியில், பெர்க்லி நகரம் தன் கரையிலிருந்து இரண்டாயிரம் ஏக்கர் தண்ணீரை மூடப்போகிறது என்று தெரிந்து, ஊரில் இருந்த இயற்கைப் பாதுகாப்புத் தலைவர்களையெல்லாம் குலிக் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். பாதாம் பிஸ்கட் வைத்தார்கள். தலைவர்கள் சாப்பிட்டார்கள், கவலைப்பட்டார்கள். நாங்கள் காட்டைப் பார்க்கிறோம், நாங்கள் பறவையைப் பார்க்கிறோம், விரிகுடாவை யாராவது பார்த்தால் நல்லதுதான் என்று சொல்லி வாழ்த்திவிட்டு எழுந்தார்கள். போகும்போது உறுப்பினர் முகவரிப் பட்டியலைத் தருவதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான் உதவி. அந்தப் பட்டியல் போதுமானதாக இருந்தது. ஒரு டாலர் சந்தா என்று கடிதம் போட்டார்கள். பணம் வந்து கொட்டியது. 1965-இல் மாநிலம் சட்டம் போட்டு, விரிகுடாவில் மண் போட அனுமதி வாங்க வேண்டும் என்று ஓர் ஆணையம் வைத்தது. 1969-இல் அதை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டவர் கவர்னர் ரொனால்ட் ரேகன். சூழலியலுக்கும் அவருக்கும் உள்ள உறவை அறிந்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம், அச்சுப்பிழை இல்லை.

இனி மண் போடக்கூடாது என்று ஆயிற்று. ஆனால் துறைமுகத்திலிருந்து எடுத்த மண்ணை எங்கே போடுவது? கப்பல்கள் பெருத்துக்கொண்டே போயின. வாய்க்காலை ஆழமாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தூர்வாரிய சேற்றைப் பல காலமாக அல்காட்ராஸ் தீவுப் பக்கம் கொட்டிவந்தார்கள். அங்கே நீரோட்டம் வேகம். கொட்டினால் கடல் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது கணக்கு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள், கடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. 1982-இல் அளந்து பார்த்தபோது கடலுக்கடியில் ஒரு மலை எழுந்திருந்தது. அதன் உச்சிக்கு மேலே தண்ணீர் ஏறத்தாழ 30 அடிதான். கப்பல் போக வேண்டும் என்று எடுத்த மண், கப்பல் தட்டும் மேடாக நின்றது. ஒரு துறைமுகத்தைத் தூர்வாரி இன்னொரு திட்டைக் கட்டிய பெருமை உலகில் சிலருக்கே வாய்க்கும்.

பிறகு வந்தது சேற்றுக் கலகம். விரிகுடாவுக்குள் கொட்டினால் மீன் கெடுகிறது என்று மீனவர்கள் கிளம்பினார்கள். சரி, வெளிக்கடலில் கொட்டுகிறோம் என்றது ஓக்லாந்து துறைமுகம். அது எங்கள் மீன்பிடிப் பகுதி என்று ஹாஃப்மூன்பே மீனவர் சங்கம் 1988-இல் நீதிமன்றம் போனது. வாரவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் எல்லாரும் சேற்றைச் சுற்றி உட்கார்ந்து பேசி, கடைசியில் ஒருவருக்கு உதித்த யோசனை இது: சதுப்பை மூடியதுதானே பிரச்சினை, காய்ந்து தாழ்ந்துபோன பழைய சதுப்பில் இந்தச் சேற்றைப் போட்டால் என்ன? நூற்றைம்பது ஆண்டு, எத்தனையோ அறிக்கை, ஒரு கடலடி மலை. சேறு சேற்றில் இருக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 1996-இல் ஓக்லாந்தின் சேறு சோனோமா கரையில் சதுப்பாயிற்று. மூடிக்கிடந்த ஹாமில்டன் ராணுவ விமானத்தளம் அடுத்தது. அதுவும் ஒரு காலத்தில் காயவைத்த சதுப்புதான். ஓடுபாதைமேல் துறைமுகச் சேற்றைப் பரப்பி, 2014-இல் கரையை உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். குண்டுவீச்சு விமானம் இறங்கிய இடத்தில் இப்போது உள்ளான் இறங்குகிறது, கட்டுப்பாட்டு அறையின் அனுமதி கேட்காமல்.

நல்ல காரியம் செய்யக் கிளம்பிய அரசாங்கத்தைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். அதற்குக் காரணம் ஒரு புல். 1970-களில் பொறியாளர் படை, தென் விரிகுடாவில் சதுப்பை மீட்கிறோம் என்று அட்லாண்டிக் கரையிலிருந்து ஸ்பார்ட்டினா என்ற புல் வகையைக் கொண்டுவந்து நட்டது. உள்ளூரிலும் ஒரு ஸ்பார்ட்டினா இருந்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒத்துப்போயிற்று. பிறந்த பிள்ளை இரண்டையும்விட முரடு. சேற்றுவெளியெல்லாம் பரவியது, பறவைகள் இரைதேடும் இடத்தை மூடியது. 2000-இல் அதை ஒழிக்கவே மாநிலம் தனித் திட்டம் போட்டது. படகில், ஹெலிகாப்டரில் போய் மருந்தடித்தார்கள். புல் சாக ஆரம்பித்ததும் இன்னொன்று தெரிந்தது. அழிவின் விளிம்பில் இருந்த கானாங்கோழிக்கு இந்த முரட்டுப் புல் பிடித்துப்போய், உயரமாக இருக்கிறதே என்று அதற்குள் குடித்தனம் வைத்திருந்தது. புல்லை எடுத்த இடத்தில் கோழி குறைந்தது. கானாங்கோழியைக் காப்பாற்றுவது ஒரு சட்டம், புல்லை ஒழிப்பது ஒரு திட்டம். 2011-இல் சில இடங்களில் மருந்தடிப்பை நிறுத்த வேண்டி வந்தது. ஆக, நடுவதற்கு அரசுப் பணம், கொல்வதற்கு அரசுப் பணம், கொல்லாமல் இருப்பதற்கும் அரசு ஊழியர்களின் சம்பளம். கோழிக்கு மட்டும் யாரும் வாடகைப்படி தரவில்லை.

உப்பளத்துக்கு வருவோம். 1972-இல் அங்கே வனவிலங்குச் சரணாலயம் வந்தது. மத்திய அரசு 1979-இல் கம்பெனியிடமிருந்து நிலத்தை வாங்கியது. நிலம் அரசுக்கு, அதில் உப்பெடுக்கும் உரிமை கம்பெனிக்கே என்று பத்திரம். சரணாலயத்துக்குள் உப்புத் தொழில் சுகமாக நடந்தது. 2003-இல் மறுபடி பேரம். செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் முன்னின்று முடித்தார்: 16,500 ஏக்கர், 10 கோடி டாலர். இதில் ஏற்கெனவே அரசு வாங்கிய நிலத்தின் உப்புரிமையும் சேர்த்தி. மாநிலம் 7 கோடியே 20 லட்சம், மத்திய அரசு 80 லட்சம், தனியார் அறக்கட்டளைகள் 2 கோடி. வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு ஆறாயிரம் டாலருக்கு மேல். சதுப்பு ஏக்கர் ஒரு டாலர், காயவைத்தால் அதுவும் வாபஸ் என்று கூவி விற்ற அதே மாநிலம். ரியல் எஸ்டேட்டில் நம்பிக்கை இழந்தவர்கள் இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

வாங்கிய பிறகுதான் வேலை. வரப்பை உடைத்தால் போதும், கடல் வந்து சேறு கொண்டு வரும் என்று பலர் நினைத்தார்கள். அல்விசோ பக்கம், நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நிலமே பல அடி இறங்கிக் கிடந்தது. வரப்பை உடைத்தால் ஊருக்குள் கடல். ஊருக்குக் கரை கட்டு, அப்புறம் பாத்தியை உடை. பக்கத்து மலையில் பழைய பாதரசச் சுரங்கம். சேற்றைக் கிளறினால் பாதரசம் எழுந்து மீனுக்குள் போகும், ஆகவே மெதுவாகக் கிளறு. 2010 டிசம்பரில் ஒரு பாத்தியை உடைத்தபோது அங்கே கூடு கட்டிவந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கடற்புறாக்கள் வீடிழந்தன. அவை வேறு பாத்திகளுக்குப் போய், அங்கே காப்பாற்றிவைத்திருந்த பறவைகளின் குஞ்சுகளை ருசி பார்க்கத் தொடங்கின. குடிபெயர்ப்புத் திட்டத்தில் கடற்புறாவுக்கு மாற்று இடம் ஒதுக்காமல் விட்டால் வேறென்ன நடக்கும்?

போதாக்குறைக்கு, சேறு தீர்ந்துவிட்டது. தங்கச் சுரங்கக்காரர்கள் அனுப்பிய மண் நூறாண்டுக்கு மேல் விரிகுடாவின் அடியில் இருந்துகொண்டு கலங்கிக் கலங்கிக் கரை சேர்ந்துவந்தது. 1999 வாக்கில் அந்த இருப்பு முடிந்து தண்ணீர் திடீரென்று தெளிந்தது. மிதக்கும் மண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள். அதே 1999-இல்தான், விரிகுடாச் சதுப்பை 40,000 ஏக்கரிலிருந்து 1,00,000 ஏக்கருக்குக் கொண்டுபோவோம் என்று அறிஞர்கள் குறிக்கோள் வெளியிட்டார்கள். முகூர்த்தம் பார்த்தவர் யாரோ.

பணத்துக்கு எங்கே போவது? 2008-இல் மாநிலம் விரிகுடா மீட்பு அதிகாரம் என்று ஓர் அமைப்பை உண்டாக்கியது. அதற்கு எல்லைகள் உண்டு, உறுப்பினர்கள் உண்டு, வரி கேட்கும் உரிமை உண்டு. பணம் இல்லை. எட்டு ஆண்டு அப்படியே இருந்தது. 2016 ஜூனில் ஒன்பது மாவட்டங்களிலும் ஒரே கேள்வியை ஓட்டுக்கு விட்டார்கள்: மனைக்கு ஆண்டுக்கு 12 டாலர், இருபது ஆண்டுக்கு, சம்மதமா? கலிஃபோர்னியாவில் இந்த வகை வரிக்குப் பாதிப்பேர் போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர் சரி என்றார்கள். சொந்த வரியை உயர்த்தச் சொல்லி வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட மக்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். சிரிப்பதற்கு இதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சட்டத்தின் கணிதத்தில் கிடைத்தது. மனைக்கு 12 டாலர் என்றால் மனைக்குத்தான். ஃபிரீமாண்டில் முப்பதாண்டுக் கடனில் வீடு வாங்கிய மதுரைக்காரர் 12 டாலர் கட்டுகிறார். ஒரு மாபெரும் கம்பெனி தன் கட்டடத்தை ஒரே மனையில் கட்டியிருந்தால் அதுவும் 12 டாலர்தான் கட்டும். அந்தக் கம்பெனிகளில் சில சதுப்பின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன; கடல் ஏறினால் முதலில் நனைவது அவர்கள் கார் நிறுத்தும் இடம். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் நம்மூர் அம்மா அப்பாக்கள், விமானம் இறங்கும்போது சன்னலில் செம்மையும் ஆரஞ்சும் பச்சையுமாகப் பாத்திகள் தெரிவதைப் பார்த்து வியப்பார்கள். உப்புச்செறிவில் வாழும் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் அழகில்லாமல் ஒன்று தெரிந்தால், அதுதான் மகன் கட்டிய 12 டாலர்.

அந்த வரியில் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் வருகிறது. இன்னொரு பக்கம் தூர்வாரும் படைக்கு மத்திய அரசின் விதி ஒன்று: சூழலுக்கு ஒத்துக்கொள்ளக்கூடிய வழிகளுக்குள் எது மலிவோ அதில்தான் சேற்றைப் போட வேண்டும். மலிவு பெரும்பாலும் எது தெரியுமா? கரையிலிருந்து ஐம்பது மைலுக்கு மேல் பார்ஜில் ஏற்றிக்கொண்டு போய் ஆழ்கடலில் கொட்டுவது. பக்கத்துச் சதுப்புக்குக் கொண்டுபோனால், குழாய், பம்ப், கரை என்று கூடுதல் செலவு. அந்தக் கூடுதலை வேறு யாராவது தர வேண்டும். சேறு இல்லாமல் சதுப்பு மூழ்கும் ஊரில், சேறு பயணச் சீட்டு வாங்கி நடுக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் ஒரு சோதனை செய்தார்கள். ரெட்வுட் சிட்டி துறையில் வாரிய சேற்றை ஹேவார்ட் கரைக்கு எதிரே ஆழமில்லாத தண்ணீரில் கொட்டினார்கள், அலையே அதைச் சதுப்புக்குள் தள்ளிக்கொண்டு போகட்டும் என்று. அல்காட்ராஸில் கடல் வெளியே இழுக்கும் என்று நம்பிக் கொட்டினார்கள், இங்கே உள்ளே தள்ளும் என்று நம்பிக் கொட்டினார்கள். இந்த முறை மட்டும் கூடவே அளக்கிறவர்களையும் அனுப்பினார்கள்.

2023-இல் இன்னொரு கணக்கும் வந்தது. 2050-க்குள் ஏறும் கடலிடமிருந்து விரிகுடாக் கரை முழுவதையும் காக்க, சுவர், கரை, சதுப்பு எல்லாம் சேர்த்து 11,000 கோடி டாலர் வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் நஷ்டம் 23,000 கோடி. ஆண்டுக்கு இரண்டரைக் கோடி தரும் வரியை மட்டும் நம்பினால் இதைக் கட்டி முடிக்க 4,400 ஆண்டு ஆகும். அந்த வரியும் இருபதாவது ஆண்டில் முடிந்துபோகும். அதற்குள் மறுபடி ஓட்டுக் கேட்க வேண்டும். இந்தத் தடவை 12 டாலர் போதாது என்று யார் போய்ச் சொல்வது என்பதுதான் இப்போது பேச்சு. பாதாம் பிஸ்கட் வாங்கிவைப்பது நல்லது.